பின் இருக்கைப் பேச்சு

அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஆள் உயர இயந்திரங்கள் நாள் முழுக்கச் சுழலும் இடம் அது. பக்கத்தில் நிற்பவளிடம் துணியின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வதற்கும் கத்தத்தான் வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்காது.

எங்களுடையது பாதி வீடு. மறுபாதியில் பெரியப்பா குடும்பம், நடுவே பலகைத் தடுப்பு. இரவில் அம்மா இந்தப் பக்கம் ஒன்று சொன்னால், காலையில் அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா பதில் சொல்வாள். ஒருமுறை அம்மா இருமியதற்கு விடிந்ததும் இருமல் மருந்து வந்தது.

அதனால் அம்மாவும் அப்பாவும் தங்களுக்குள் பேச வேண்டியதை டிரைவ்-இன் தியேட்டரில் பேசினார்கள். ஊர் எல்லையில், காருக்குள் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் மைதானம். சனிக்கிழமை இருட்டத் தொடங்கும்போது கிளம்புவோம். பெரியம்மா வாசலில் நின்று, “நேத்து கல்யாணம் ஆனவங்க தோத்தாங்க போ” என்பாள். அப்பா வெட்கப்பட்டவர்போலச் சிரிப்பார். அம்மா காரில் ஏறிக்கொள்வாள்.

காரை நிறுத்தியதும், கம்பத்தில் தொங்கும் சின்ன ஸ்பீக்கரை அப்பா எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டுவார். பிறகு பின்னால் போய் அம்மாவின் அருகில் உட்காருவார். நானும் தம்பியும் முன்னால். ஸ்டியரிங் தம்பிக்கு, ஸ்பீக்கரின் திருகு எனக்கு. “கொஞ்சம் சத்தமா வைம்மா” என்று அப்பா சொன்னால், அவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று பொருள்.

எவ்வளவு திருகினாலும் அம்மாவின் குரல் அதற்கு மேலே கேட்கும். விஷயம் எப்போதும் ஒன்றுதான், தனிக்குடித்தனம். போகலாம் என்பாள் அம்மா. படிக்க வைத்த அண்ணனை விட்டுவிட்டு எப்படி என்பார் அப்பா. அந்தக் கார்கூடப் பெரியப்பா ஓட்டிக் கழித்துத் தந்ததுதான். திரையில் யாராவது செத்துக்கொண்டிருக்கும்போது, அம்மா தான் பார்த்துவிட்டு வந்த வீட்டின் சமையலறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். இன்றும் எனக்கு ஒரு படத்தின் கதையும் சரியாகத் தெரியாது.

எனக்குப் பதினோரு வயதானபோது, வேறோர் ஊரில் திறந்த புதிய மருத்துவமனையில் அம்மாவுக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. குடியிருக்க வீடும் தருவதாகச் சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை நான் வழக்கம்போலச் சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்துக் கார்க்காரர் ஹாரன் அடித்தார்.

“சத்தத்த கொறை,” என்றாள் அம்மா பின்னாலிருந்து. “புள்ளைங்களும் கேக்கட்டும்.”

முழுவதும் குறைத்தேன். திரையில் வாய்கள் மட்டும் அசைந்தன.

“அடுத்த மாசம் நான் போறேன். இவங்க ரெண்டு பேரும் என்கூட வருவாங்க. நீங்களும் வந்தா நல்லது.”

“அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?” என்றார் அப்பா.

“அதத்தானே இத்தன வருஷமா கேட்டுட்டு இருக்கீங்க.”

தம்பி ஸ்டியரிங்கைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, அப்படியானால் அங்கே யார் கார் ஓட்டுவார்கள் என்று கேட்டான்.

படம் முடியும் முன்பே அப்பா முன்னால் வந்து காரை எடுத்தார். ஸ்பீக்கரைக் கழற்ற மறந்துவிட்டார். வயர் இழுபட்டு அறுந்தது. வெளிவாசலில் காவலாளி கை காட்டி நிறுத்தி, கண்ணாடியில் தொங்கியதைப் பார்த்தார். “படம் அவ்ளோ புடிச்சுப் போச்சா சார்? வீட்டுக்கே கொண்டு போறீங்க?” என்றார். அப்பா அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

நாங்கள் போனோம். அப்பா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து போவார். புது வீட்டுக்குக் கனமான சுவர்கள். அம்மா தன் குரலிலேயே பேசலாம். ஆனாலும் சாப்பிட்டு முடித்ததும் இருவரும் மாடியிலிருந்து இறங்கிப் போய், தெருவில் நிற்கும் காரின் பின் இருக்கையில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொள்வார்கள். நானும் தம்பியும் சன்னலில் நின்று பார்ப்போம். முன் இருக்கைகள் காலியாக இருக்கும்.

“இப்ப யாருக்குக் கேக்கக் கூடாதாம்?” என்று தம்பி ஒருமுறை கேட்டான். சாப்பிட்ட தட்டுகளை எடுக்க நான் உள்ளே போனேன்.

சில வருடங்களில் கார் ஓடாமல் போய், அப்பா அதை விற்றுவிட்டார். அதன் பிறகு பேருந்தில் வந்தார். மதியம் முழுக்க இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அவர்கள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.