துப்பாக்கிக் கடை மாதவி

துப்பாக்கியின் குண்டுக்கூட்டைக் கழற்றித் தனியே வைக்கிறாள் மாதவி. மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டுகிறாள். "காலி. நீங்களும் பாருங்க பாஸ்." வந்தவர் சும்மா தலையாட்டினால் விடமாட்டாள். "பாத்தேன்னு வாயால சொல்லுங்க லா." அவர் சொன்ன பிறகுதான் துப்பாக்கி பச்சைத் துணிமேல் இறங்கும். இந்தப் பழக்கம் கடையோடு நிற்பதும் இல்லை. வீட்டில் குக்கரைக் கழுவப் போடும்போதும் எட்டிப் பார்த்து, "காலி" என்று சொல்லிவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறாள்.

செராஸில் ஒரு கடைவரிசையின் மாடியில், இரண்டு இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறது கடை. போலீஸ் அனுமதி இல்லாதவருக்கு முதல் கதவே திறக்காது. சுங்கை வேயில் மாதவி குடியிருக்கும் அடுக்குமாடியில், அவள் ஏதோ ஹார்ட்வேர் கடையில் வேலை பார்ப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். அவளும் மறுத்ததில்லை. எதிர்வீட்டுப் புஷ்பவல்லி ஒருமுறை குழாய்க்கு வாஷர் வாங்கிவரச் சொன்னபோது, வேறொரு கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இத்தனைக்கும் தீபாவளி வெடிச் சத்தம் கேட்டால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்துகொள்கிற ஆள். கேட்டால், "நான் கிளப்ல துப்பாக்கி சுடுறது வேற லா. அங்க எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியும்" என்பாள்.

முதன்முறை வாங்க வருகிறவர்கள் கதவைத் தாண்டியதுமே கேட்பது, எந்த பிராண்ட் நம்பிக்கையானது என்றுதான். மாதவி பிராண்ட் பெயரைச் சொல்வதே இல்லை. ஆஸ்திரியாக்காரன், இத்தாலிக்காரன், ஜெர்மன்காரன் என்று மாப்பிள்ளைகளைப்போல ஊர் வைத்துத்தான் பேசுவாள். "எல்லாரும் நல்ல பசங்கதான். உங்க வீட்டுக்கு யாரு ஒத்துவருவான்னு பாக்கணும்." பிறகு அவள் கேட்க ஆரம்பிப்பாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே பூட்டி வைப்பீர்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள்? தமிழர்களாக இருந்தால் கடைசியில் இன்னொன்றும் உண்டு. "ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பீங்களா?"

இந்தக் கடைசிக் கேள்விக்குக் காரணம் காப்பாரில் லோரி வைத்திருக்கும் வேலாயுதம். "என்னா சாமான் வித்தீங்க? கிளப்புல சுடப் போனா ரோசாக் ஆயி நிக்குது, வெடிக்கவே மாட்டேங்குது!" என்று குதித்துக்கொண்டு வந்தார். மாதவி அக்கக்காகப் பிரித்துப் போட்டாள். உள்ளே காய்ந்த சந்தனம், குங்குமம், ஒரு மல்லிகை இதழ். லோரி எஞ்சினுக்கு வைப்பதுபோல மனிதர் தாராளமாகவே வைத்திருந்தார். இப்போது யாராவது வைப்பேன் என்றால், "துப்பாக்கிப் பெட்டிக்கு வைங்க, சாமி ஏத்துக்கும்" என்கிறாள். அவளுக்குச் சாமி நம்பிக்கை உண்டு. எண்ணெய் போடாத துப்பாக்கிமேல்தான் இல்லை.

சென்ற மாதம் ஒரு காலையில் கண்ணப்பன் வந்தார். கிள்ளானில் நகைக்கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். போன வருடம் அவர் கடைக்குள் பாராங் கத்தியோடு நுழைந்தவர்கள் வளையல் தட்டை அள்ளியதோடு அவர் வலது கையிலும் வெட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு விரல் மடங்காது. அன்றிலிருந்து கடையில் பின்னறையில்தான் உட்காருகிறார். கதவு மணி அடித்தால் வியர்த்துச் சட்டை நனைந்துவிடுகிறது. "மறுபடி முன்னாடி வந்து கல்லாவுல உக்காரணும்மா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

மாதவி இரண்டை எடுத்து வைத்தாள். முழுக்க எஃகில் செய்த இத்தாலிக்காரனை அவர் உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடி, மெல்ல ஏற்றி இறக்கினார். ஆரம் எடை பார்க்கிற அதே கை. கட்டைவிரலால் தேய்த்தும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதுதான் சாமான்." அடுத்து ஆஸ்திரியாக்காரன். பிடி பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் கை சுட்டதுபோல் கீழே வைத்தார். "என்னம்மா இது, கவரிங் மாதிரி இருக்கு?"

மாதவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இத்தனை வருடத்தில் அந்தத் துப்பாக்கியை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்புறம் அவர் கையைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"அங்கிள், கனமானத எடுத்து எதிர்ச்சுவர்க் கடிகாரத்துக்கு நேரா புடிங்க. நான் சொல்ற வரைக்கும் எறக்காதீங்க."

பிடித்தார். மாதவி பெடரல் ஹைவே ஜாமைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தாள். குழல் கடிகாரத்திலிருந்து காலண்டருக்கு இறங்கியது. காலண்டரிலிருந்து தீயணைப்பு உருளைக்கு வந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தார். மடங்காத விரல்கள் பிடியைப் பற்றாமல் நீட்டிக்கொண்டு நின்றன. அவளுக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"போதும் அங்கிள். கழுத்துல போடத்தான் கனம் வேணும். நீட்டிப் புடிக்கிறதுக்கு வேணாம்." கவரிங்கை எடுத்து, காலி என்று காட்டி, அவர் கையில் வைத்தாள். இந்தத் தடவை ஹைவே ஜாம் முடிந்து, பாசாரில் மீன் விற்கிற விலையைத் திட்டி முடிக்கும்வரை குழல் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. இடது கையால் மேல்பாகத்தை இழுக்கச் சொன்னாள். முக்கி முனகி இழுத்துவிட்டார்.

"நகைக்கடைக்காரன் கவரிங் வாங்கினேன்னு வெளிய சொல்லிடாதம்மா."

"நான் எங்க அங்கிள் சொல்றது? நான் ஹார்ட்வேர் கடையிலதான வேலை செய்றேன்."

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதைத் துணியில் வைத்தவர், கையை எடுக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு இது இருந்திருந்தா, விரலு தப்பிச்சிருக்குமாம்மா?"

மாதவிக்குப் பதில் தெரியும். குனிந்து வளையல் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த மனிதருக்குத் தலை நிமிரக்கூட அவகாசம் இருந்திருக்காது. ஆமாம் என்று சொன்னால் இந்த மனிதர் இனி தன்னையே திட்டிக்கொண்டிருப்பார். இல்லை என்றால் எதை நம்பிக் கல்லாவில் உட்காருவார்? 

வியாபாரம் அப்புறம் ஆகட்டும் என்று இரண்டு துப்பாக்கிகளையும் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.