மும்பை சர்வருக்கு ஆயுத பூஜை

கம்பெனியில் எனக்குப் பதவி ஐ.டி. மேனேஜர். பிரிண்டருக்கு மை ஊற்றுவதும், வருகைப் பதிவு மெஷின் யாருடைய விரலையாவது ஏற்க மறுத்தால் அதை ஈரத்துணியால் துடைத்துவிடுவதும்தான் வேலை. பெருமாநல்லூரில் குழந்தைகளுக்கு பனியன், ஜட்டி தைத்து ஆன்லைனில் விற்கிற அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு என்ன நேர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடக் கூப்பிட எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

புகார்களைக் கவனிக்க ஒரு பெண் இருந்தாள். அம்மிணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் ஒரு அட்டை வைப்போம்; ‘குறை இருந்தால் அழைக்கவும்’ என்று போட்டு அதன் கீழே ஒரு போன் நம்பர். அது அம்மிணியின் சொந்த நம்பர். ஆன்லைன் வியாபாரம் தொடங்கிய புதிதில் அவசரத்துக்கு யாரோ போட்டது, அப்படியே நிலைத்துவிட்டது. சோறு வடிக்கும்போதும் அழைப்பு வரும், மூன்றாவது படிக்கிற மகளுக்கு வாய்ப்பாடு சொல்லித் தரும்போதும் வரும். சாயம் போகிறது, சைஸ் பத்தவில்லை, எலாஸ்டிக் இறுக்குகிறது என்று கர்நாடகத்திலிருந்தெல்லாம் கூப்பிடுவார்கள்.

“தீபாவளிக்குள்ள அட்டையில இருந்து என் நம்பர எடுத்துருங்க. இல்லீனா நா வேலைய விட்டு நின்னுக்கறனுங்க” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள்.

மாத வாடகைக்கு ரெடிமேடாகக் கிடைக்கிற சாப்ட்வேர் ஒன்றைக் காட்ட ஒருவர் வந்தார். புகார்கள் ஒரே திரையில் வரிசையாக வந்து நிற்கும், ஆபீஸ் நேரத்தில் பதில் சொன்னால் போதும், மற்ற நேரத்தில் ‘உங்கள் புகார் கிடைத்தது’ என்று அதுவே சொல்லிக்கொள்ளும் என்றார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். “இதையே நம்மளே கிளவுடுல ஒரு சர்வர் எடுத்துப் போட்டுக்கலாமுங்க. நம்ம கஸ்டமர் விவரம் அடுத்தவன் கையில எதுக்குங்க?” என்று வாயைக் கொடுத்தேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை தெரிந்தது. அதற்காகத்தான் பேசினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

“தீபாவளி வரைக்கும் நிக்காம ஓடுச்சுன்னா புது அட்டையில நம்பர எடுத்துட்டு வெப்சைட் பேரப் போட்டுரலாம்” என்றார் முதலாளி. அம்மிணி அன்று எனக்கு டீ வாங்கித் தந்தாள்.

மும்பையில் இருக்கிற ஒரு சர்வரில் எங்களுக்கென்று ஓரிடம் எடுத்தேன். இலவச சாப்ட்வேர் ஒன்றைப் பிடித்தேன். வீடியோவில் ஒருவர் கறுப்புத் திரையில் தட்டத் தட்ட நானும் தட்டினேன். அவருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்தது எனக்கு ஒன்பது நாள் ஆனது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நானே ஒரு பூட்டுப் போட்டு, என்னையே வெளியே தள்ளிக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கிய கதையும் உண்டு. கடைசியில் ஓடியது. அம்மிணி சோதனைக்காக ‘பனியன் கிழிஞ்சுருச்சு’ என்று அடித்தாள், திரையில் வந்து விழுந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. அன்றிலிருந்து போனில் கூப்பிட்டவர்களிடமெல்லாம் அம்மிணி புகார் வெப்சைட்டின் பெயரைச் சொல்லி, அதிலேயே எழுதச் சொன்னாள்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. தையல் மெஷின், கம்ப்ரசர், அயர்ன் டேபிள், டெம்போ எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. முதலாளி என் மேஜை பக்கம் வந்தார்.

“ஏனுங், உங்க புது மெஷினுக்குப் பொட்டு வெச்சாச்சா?”

“அது மும்பைல இருக்குதுங்க.”

“எங்க இருந்தா என்னங்க, அதும் ஓடற மெஷின்தான?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காதவன் நான் ஒருவன்தான். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் ஓட்டக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் மானிட்டருக்குப் பொட்டு வைத்து, மும்பை சர்வரை நிறுத்தினேன். பொரியும் சுண்டலும் தின்றேன். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்துப் போனிலேயே மறுபடி ஓடவிட்டேன். சர்வர் ஓடுகிறது என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது. லீவுக்கு மாமனார் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்று மத்தியானம் அம்மிணி கூப்பிட்டாள். குலதெய்வம் கோயிலில் இருந்தாள். “அண்ணா, வெப்சைட்டு தெறக்கலைன்னு சொல்றாங்க. எல்லாரும் எனக்கே கூப்பிடறாங்க.”

போனில் பார்த்தேன். பச்சை. “ஓடுதே அம்மிணி. அவங்க நெட்டு சரியிருக்காது.”

சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். “நானும் பாத்தனுங்ணா. எனக்கும் தெறக்கலை.”

“கோயில் காட்டுக்குள்ள இருக்கற. உனக்கும் நெட்டு எடுக்காது” என்றேன்.

அடுத்த நாள் மூன்றாவது முறை கூப்பிட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. “சர்வரப் போட்டவன் நானா நீயா?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. லீவு முடிகிற வரைக்கும், வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் அவளே பதில் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் வந்து, பச்சை விளக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வெப்சைட்டையே திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் அதன் எண் முகவரி மாறிவிடும். மாறாத முகவரி வேண்டுமென்றால் முன்பே கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்த வீடியோவில் இதைச் சொல்லியிருந்தார். அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறேன். எங்கள் வெப்சைட் பெயரோ பழைய முகவரிக்கே ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது. வீடு மாறியவனுக்குப் பழைய வீட்டு விலாசத்தில் பத்திரிகை வைத்தது போலத்தான்.

சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. அதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். அச்சகத்திலிருந்து புது அட்டையின் மாதிரி வந்திருந்தது. நம்பர் இல்லை, வெப்சைட் பெயர் மட்டும். அழகாக இருந்தது. முதலாளி தன் போனில் அந்தப் பெயரை அடித்துவிட்டு எனக்குக் காட்டினார். வெள்ளைத் திரை.

“கிளவுடுல சில சமயம் இப்படி ஆகுமுங்க” என்றேன். நான் நிறுத்தினேன், அதனால்தான் போனது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

முதலாளி அம்மிணியைப் பார்த்தார். “லீவுல போன் வந்துச்சா அம்மிணி?”

“வந்துச்சுங்க.”

“பேசுனியா?”

“பேசுனனுங்க.”

“அப்ப அந்த நம்பரே இருக்கட்டுமுங்க. அதுதான் நிக்காம ஓடுது” என்று பேனாவை எடுத்து மாதிரி அட்டையில் அவள் நம்பரை எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

தீபாவளிக்கு அம்மிணி வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. ஒரு நாள் காலையில் என் மேஜைக்கு வந்து, காகிதத்தில் மடித்த ஒன்றை வைத்தாள். சிம் கார்டு.

“நீங்களே வெச்சுக்கங்ணா. நா புது நம்பர் வாங்கிட்டன். வேற கம்பெனிக்குப் போனா பாப்பா வர்ற நேரத்துக்கு ஊட்டுக்கு வர முடியாதுங்க.”

“பன்னண்டு வருஷத்து நம்பரும்மா” என்றேன்.

“பதிமூணுங்க” என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வாங்கி என் போனில் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான்தான் பேசினேன். சாயம், சைஸ், எலாஸ்டிக். முடி வெட்டிக்கொள்ளும்போது பேசினேன், சிக்னலில் நின்று பேசினேன். சர்வர் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் யாரும் புகார் எழுதவில்லை, போன் நம்பர் இருக்கும்போது யார் எழுதுவார்கள். எனக்கு இது வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, ‘வணக்கமுங்க, என்ன குறைங்க’ என்று கேட்கப் பழகிவிட்டேன்.

ஒரு நாள் நாலரை மணிக்கு ஒரு லேண்ட்லைன் நம்பரிலிருந்து அழைப்பு.

“வணக்கமுங்க, என்ன குறைங்க?”

ஒரு குழந்தைக் குரல். “அம்மா இல்லீங்களா? வேன் வரலைங்க. ஸ்கூல்ல எல்லாரும் போயிட்டாங்க.”

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

“இது எங்கம்மா நம்பர்தானுங்களே. எனக்கு மனப்பாடமா தெரியும்” என்றது. அழுகை வரும் போலிருந்தது.

“ஆமாங் கண்ணு. உங்கம்மா நம்பர்தான். வெச்சுராத” என்று சொல்லிக்கொண்டே, அவள் உட்கார்ந்திருக்கிற இரண்டாம் மாடிக்குப் போனோடு ஓடினேன்.