விளையாத ஏலக்காயை விற்று மகளைப் படிக்க அனுப்பியது

இதை எழுத வேண்டும் என்று நினைத்து வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் இந்தத் தடவை எழுதிவிடுவோம் என்று நினைப்பேன். பெருநாள் வந்துவிடும், நினைப்பு அப்படியே நின்றுவிடும். எனக்குப் படிப்பு பத்தாவதோடு சரி. எழுத்துப் பழக்கம் கடையில் பில் போடுவது மட்டும்தான். ஆனால் தயங்கியதற்கு அது காரணம் இல்லை. எனக்கு நன்மை செய்தவர் இன்னும் நல்லபடியாக இருக்கிறார், தன்னைப் பற்றி யாரும் பேசுவது அவருக்குப் பிடிக்காது. இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்பது கடைசியில் வரும். என்னைப் படைத்து, இதையெல்லாம் பார்க்க வைத்தவனுக்கு முதலில் என் நன்றி.

உத்தமபாளையத்தில் மோட்டார், பைப் சாமான் விற்கிற சின்னக் கடை எனக்கு. அதோடு கம்பம்மெட்டு தாண்டிக் கேரள மலையில், என் தகப்பனார் விட்டுப்போன கொஞ்சம் ஏலத்தோட்டம். எங்களுக்கு ஒரே மகள். மதுரையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற படிப்பை ஜெர்மனியில் படிக்க வேண்டும் என்றாள். அவளே விண்ணப்பித்தாள், அவளே அந்த பாஷையும் ஒரு வருடம் படித்தாள். சமையல்கட்டில் தோசை வார்த்துக்கொண்டே அந்த பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். "அடுப்ப வையாதடி" என்பாள் என் மனைவி. அவள் காதுக்கு அது திட்டுவது போலவே இருக்கும்.

இடம் கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். அங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் பெரிதாக இல்லை என்று தெரிந்ததும் நான் ஷுக்ராக, இறைவனுக்கு நன்றியாக, இரண்டு ரக்அத் தொழுதேன். மறுவாரம் மதுரையில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்கிற ஆபீசுக்குப் போன பிறகுதான் மீதிச் சங்கதி தெரிந்தது. படிக்கப் போகிற பிள்ளை, ஒரு வருடம் அங்கே தங்கிச் சாப்பிட ஆகும் பணம் முழுவதையும் புறப்படும் முன்பே அந்த நாட்டுக் கணக்கு ஒன்றில் போட்டுவிட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்கிறார்கள். போட்ட பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது, மாதாமாதம் அளந்துதான் தருவார்கள். அது இல்லாமல் விசா இல்லை.

"நோ டென்ஷன் சார். லோன் போட்டுக்கலாம். பேங்க் ஆளையே இங்கன வரச் சொல்றேன்" என்றார் அந்த ஆபீஸ் தம்பி.

நான் வட்டி வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. கடையைக்கூட அப்படித்தான் இத்தனை வருடம் ஓட்டுகிறேன். அதை அந்தத் தம்பியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டோம். பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தா, நான் சென்னையில வேலைக்குப் போறேன். ரெண்டு மூணு வருசம் சேத்துக்கிட்டு அப்புறம் போறேன். ஒண்ணும் அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்கிற குரலா அது? கிடைத்த இடம் மூன்று வருடம் காத்திருக்காது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த என் மச்சான், மனைவியின் தம்பி, விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குதித்தார்.

"மச்சான், ஊர் ஒலகமே லோன் வாங்கித்தேன் படிக்க வைக்குது. நீங்க ஒருத்தர் மட்டும் தனியா சொர்க்கத்துக்குப் போயி அங்கன என்ன செய்யப் போறீக? பேச்சுத் தொணைக்கு ஆளே இருக்காது."

மகள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

கையில் இருந்ததையும் மனைவியின் நகையையும் சேர்த்தால் பாதி வரும். நகையைக் கழற்றி வைத்தவள், "இது எம் பிள்ளைக்குப் போட வச்சிருந்ததுதான, இப்பப் போட்டுட்டேன்னு நெனச்சுக்கிறேன்" என்றாள். மீதிப் பாதிக்கு வழி இல்லை. ஜும்ஆ முடிந்து எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் மனசை இறக்கி வைத்தேன். இருக்கிற விளைச்சலை விற்கலாமே என்றார். அது செடியில் பூவாகக்கூட வரவில்லை என்றேன். மார்க்கத்தில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். வரப்போகிற சரக்கை இன்றைக்கே விற்கலாம். ஆனால் முழு விலையும் இன்றைக்கே கைக்கு வந்துவிட வேண்டும். எடை, தரம், கொடுக்கிற தேதி மூன்றையும் சந்தேகம் இல்லாமல் பேசிவிட வேண்டும்.

"இன்னொண்ணு. என் தோட்டத்துக் காய்னு சொல்லி விக்காதீக" என்றார். "தோட்டம் அல்லாஹ் கையில இருக்கு. காய்னு மட்டும் சொல்லுங்க. ஒங்க தோட்டத்துல வந்தாலும் வராட்டியும் குடுக்க வேண்டியது நீங்க."

சரி என்று தலையாட்டினேன். அந்தச் சொல்லின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குத்தான் வருடா வருடம் என் காயைப் போடுவேன். என்னைவிட மூத்தவர். நெற்றியில் எப்போதும் திருநீறு, வாயில் எப்போதும் நக்கல். அவர் என்னை மாப்ளே என்பார், நான் மாமா என்பேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பழக்கம்.

நான் சொன்னதைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வட்டிக்குக் கேட்டாக்கூட யோசிக்காமக் குடுத்துருவேன். இது என்ன மாப்ளே, பொறக்காத பிள்ளைக்குப் பேரு வச்சுக் காது குத்தச் சொல்ற?"

"வட்டி வேணாம் மாமா. யாவாரம். அடுத்த வருசக் கடைசிக்குள்ள அம்பது கிலோ மூட்டையாப் பன்னெண்டு மூட்டை. பச்ச நெறம் போகாத காஞ்ச காய், நீங்க போடுற ஏழு எம்.எம். சல்லடைக்கு மேல நிக்கிற காய்."

"காய் வரலைன்னா?"

"வெளிய வாங்கியாவது போட்ருவேன்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அன்றைய விலைக்குச் சற்றுக் குறைவாக ஒரு விலை சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருப்பவர் அப்படித்தான் சொல்ல முடியும். ஒத்துக்கொண்டேன். அன்று மாலையே முழுப் பணத்தையும் என் வங்கிக் கணக்கில் போட்டார். "பிள்ள எந்த ஊருக்குப் போகுது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "குளுருமே" என்றார்.

மகள் போய்ச் சேர்ந்தாள். முதல் மாதம் அந்தக் கணக்கிலிருந்து பணம் வந்ததும் படம் பிடித்து அனுப்பினாள். என் மனைவி அதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினாள், பேரப்பிள்ளை பிறந்ததைப் போல. கடையில் மிச்சம் பிடித்து இரண்டாம் வருடத்துக்குச் சேர்க்க ஆரம்பித்தேன். இரண்டாம் வருடத்துக்கும் பணம் காட்டினால்தான் அங்கே தங்குகிற அனுமதியை நீட்டிப்பார்கள். அவளும் லீவு நாட்களில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள். எல்லாம் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது.

மறு வருடம் கோடை மழை பெய்யவில்லை. மலையிலேயே வெயில் அடித்தால் ஏலச் செடி என்ன செய்யும்? ஜீப்பில் ஏறிப் போய்ப் பார்த்தேன். இலை சுருண்டு, தண்டு மஞ்சளடித்து, தொட்டால் சருகுச் சத்தம். என் தோட்டம் மட்டும் இல்லை, மலை முழுக்க அப்படித்தான். காய் இல்லை என்றதும் விலை ஏறியது, ஏறியது, நின்று மூச்சு வாங்காமல் ஏறியது. நல்ல காய் வைத்திருந்தவர்கள் பைக் வாங்கினார்கள், வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். என்னிடம் எல்லாக் காய் எடுப்பும் முடிந்து தேறியது ஐந்து மூட்டை.

இன்னும் ஏழு மூட்டையை வெளியில் வாங்கிப் போட வேண்டும் என்றால், மகளின் இரண்டாம் வருடத்துக்குச் சேர்த்ததெல்லாம் போய், அதற்கு மேலும் வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் மகள் பாதிப் படிப்பில் திரும்பி வர வேண்டும். இதை அவளிடம் மறைக்கத்தான் பார்த்தோம். ஆனால் என் மச்சான் வாய் சும்மா இருக்காது. வீடியோவில் வந்தாள்.

"அத்தா, நான் வந்துறவா?"

"நீ படிக்கிற வேலையப் பாரு."

"வெல எவ்வளவுன்னு நானும் பாத்துட்டுத்தான் பேசுறேன் அத்தா."

என் மனைவி போனை வாங்கிக்கொண்டு, "கன்னம் ஒட்டிப் போச்சு, ரொட்டிக் கடையில இருந்துக்கிட்டு ரொட்டி திங்க மாட்டியா?" என்று பேச்சை மாற்றினாள். அன்றைய தொழுகையில் நான் எதையும் கேட்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் கையை மட்டும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போடிக்குப் போனேன். மாமா எடை போட்டார், சல்லடை போட்டார். மீதிக்கு நான் அவகாசம் கேட்கவில்லை. அந்த விலை ஏற்றத்தில் என் ஏழு மூட்டை வராதது அவருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"மீதியை வெளிய வாங்கி இந்த மாசத்துக்குள்ள போட்டுர்றேன் மாமா."

"யாருக்கிட்ட வாங்குவ?"

"யாருக்கிட்டயாவது."

"இன்னைக்குத் தேதியில இந்தத் தெருவுல காய் வச்சிருக்கிறது நானும் இன்னும் ரெண்டு பேரும். அவுக ரெண்டு பேரும் எனக்குத்தான் தர்றாக. அப்ப நீ எங்கிட்ட இன்னைக்கு வெலைக்குக் காய வாங்கி, அதை எங்கிட்டயே போன வருச வெலைக்கு எடை போடுவ. யோவ் கணக்கு, இந்தக் கூத்தக் கேட்டியாய்யா? எந்த ஊரு யாவாரம் இது?"

கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அடுத்த வருச எடுப்புக்கு ஏழு மூட்டை கொண்டா. அதே சல்லடை. பிள்ளைய அங்கனயே இருக்கச் சொல்லு."

சந்தோஷத்தில் எனக்கு நிதானம் போய்விட்டது. "ஏழு இல்ல மாமா, எட்டாக் கொண்டாந்து போடுறேன். இத்தனை நாள் காத்திருக்கீகள்ல" என்றேன்.

அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். "அந்த எட்டாவது மூட்டைக்குப் பேரு என்ன மாப்ளே?"

எனக்குப் புரியவில்லை.

"காத்திருந்ததுக்குக் கூலியா ஒரு மூட்டை. அதுக்கு ஊருக்குள்ள ஒரு பேரு இருக்குமே. வேணாம் வேணாம்னு அதுக்குப் பயந்துதான எங்கிட்ட வந்த? போ, போயி ஒங்க ஹஸ்ரத்துக்கிட்டக் கேட்டுட்டு வா."

வட்டிக்குப் பயந்து வந்தவன் நன்றி மிகுதியில் அதையே நீட்டியிருக்கிறேன். அதை என் கையில் திருப்பித் தந்தவர் திருநீறு பூசிய மனிதர். எந்த வாசல் வழியாக ஒருவனைக் காப்பாற்றுவது என்பது அந்த இறைவனுக்குத்தான் தெரியும். அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் தேவாரம் ஊர் வரும் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சேர்த்த பணம் மகளின் இரண்டாம் வருடத்துக்குப் போனது. அடுத்த வருடம் மழை வந்தது, செடி தழைத்தது, ஏழு மூட்டை கொண்டுபோனேன். விலை கொஞ்சம் இறங்கியிருந்தாலும் நாங்கள் பேசியதைவிட மேலேதான் இருந்தது. மாமா சல்லடை போட்டார். நாலு கிலோ கீழே விழுந்தது. "இது கணக்குல வராது, வேற கொண்டா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாளே நாலு கிலோ நல்ல காயை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்ப் போட்டேன். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. அன்றைக்கு நான் இறக்கி வைத்த பாரம் இருக்கிறதே, அவர் விட்டுக்கொடுத்திருந்தால் அது இறங்கியிருக்காது. காலம் முழுக்கத் தலையில் இருந்திருக்கும்.

மகள் படிப்பை முடித்து அங்கேயே ஒரு குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். போன பெருநாளுக்கு வந்தபோது மாமாவைப் பார்க்கக் கூட்டிப் போனேன். சாக்லேட் பெட்டி ஒன்று கொடுத்தாள்.

"எனக்குச் சக்கர இருக்கு ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு இரண்டு கை நிறையக் காயை அள்ளித் தாளில் மடித்துக் கொடுத்தார். "குளுருக்கு டீயில தட்டிப் போடு. ஒங்க அத்தா கணக்குல சேத்துராத."

அப்போதுதான் ஊரில் நடக்கிற பேச்சை நான் அவரிடம் சொன்னேன். கம்பத்தில் ஒரு கூட்டம், அந்த வியாபாரி ஏழு மூட்டையையும் தள்ளுபடி பண்ணிவிட்டார், வள்ளல் என்கிறது. இன்னொரு கூட்டம், பாவப்பட்ட ராவுத்தரிடம், அதாவது என்னிடம், பாதி விலைக்குக் காயை எழுதி வாங்கிக் கழுத்தை அறுத்துவிட்டார் என்கிறது. முதல் பேச்சைக் கேட்டுத்தான் மாமாவுக்குக் கோபம் அதிகம் வந்தது.

"தள்ளுபடியா? அப்பறம் ஊருல ஒரு பய எனக்குச் சொன்னபடி காய் போடுவானா? நீ எழுதுவியோ சொல்லுவியோ, உள்ளத உள்ளபடி சொல்லு மாப்ளே. என்னைய வள்ளலாக்கித் தெருவுல விட்டுறாத."

அதனால்தான் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள், பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப வழி தெரியாமல் நிற்கிற ஒரு வீட்டுக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு ஒரு மூட்டையைக் கூட்ட வேண்டாம், அவர் பெருமைக்காக ஒரு மூட்டையைக் குறைக்கவும் வேண்டாம். அவர் ஒரு கிராமும் விடவில்லை. காத்திருந்தார். அப்படியே சொல்லுங்கள்.