ஊர்வலத்தில் மாட்டிய பேருந்து

அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவில் வெர்டெல் பிரேட்டர் இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் முன்னோர்களான கறுப்பின அடிமைகளுக்கு விடுதலை என்று அந்தத் தீவில் அறிவித்த ஜூன் பத்தொன்பதுக்கு வருடம் தவறாமல் விடுப்புக் கேட்பாள். வெளியூரிலிருந்து மாறி மாறி வரும் மேலாளர்கள், "அன்னிக்கு என்ன விசேஷம்?" என்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருவழியாக அந்த நாள் நாடு முழுவதற்கும் விடுமுறையானது. இனிக் கெஞ்ச வேண்டாம் என்றிருந்தாள். அடுத்த வருடப் பணிப்பட்டியலில் அவள் பெயர்தான் முதலில்.

"லீவுன்னா பீச்சுக்குக் கூட்டம் வரும். ஊர்வலத்துக்கு ரோட்டையும் அடைச்சிடுவாங்க. சந்துபொந்தெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்?" என்றார் புது மேலாளர் ஹாஸ்கின்ஸ்.

"இது யாரோட லீவு சார்?"

"எல்லாருக்கும்தான்."

"என்னைத் தவிர."

அன்று போலீஸ்காரர் ஒருவர் தவறாகக் கை காட்ட, பேருந்து நேரே ஊர்வலத்துக்குள் புகுந்தது. முன்னால் பள்ளி வாத்தியக் குழு, பின்னால் குதிரைகள். திரும்ப வழியில்லை. நீச்சல் உடையில் இருந்த பயணிகள் ஜன்னல் வழியே கையசைத்தார்கள். ஒருவர், "இது எதுக்கான ஊர்வலம்மா?" என்றும் கேட்டார். வெர்டெல் பல்லைக் கடித்தாள்.

நடைபாதையில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த தம்பி அலோன்சோ கத்தினான்: "அக்கா! லீவு கிடைக்கலன்னு பஸ்ஸோடவே வந்துட்டியா?"

"வாயை மூடுடா! எனக்கு எடுத்து வை!"

மறு வருடமும் அதே பட்டியல். "போன வருஷம் ஜனங்க எவ்வளவு ரசிச்சாங்க! இந்தத் தடவையும் நீங்கதான்," என்றார் ஹாஸ்கின்ஸ், பெரிய உபகாரம் செய்தவர் போல.

வெர்டெல் சாவியை அவர் மேசையில் வைத்தாள். "நீங்களும் பஸ் ஓட்டினவர்தானே? ஓட்டுங்க. நான் ரசிக்கறேன். வேலையை விட்டுத் தூக்கணும்னா தூக்கிக்குங்க."

அவர் தூக்கவில்லை. வேறு யாரும் கிடைக்காததால் அவரே ஓட்டினார்.

அந்த நாளுக்கென்றே போடும் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தட்டு நிறைய விலா இறைச்சியோடு வெர்டெல் தம்பியின் அடுப்பருகே உட்கார்ந்தபோது தெருமுனையில் ஹாரன் அலறியது. முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்ட ஹாஸ்கின்ஸ் தலையை நீட்டி, "மேடம், எந்தப் பக்கம் போகணும்?" என்றார்.

"இன்னைக்கும் நிம்மதியா திங்க விடமாட்டேங்கறாங்களே!" என்று எழுந்தவள், எலும்பைக் கையில் பிடித்தபடியே "பின்னால, இன்னும் பின்னால" என்று அவருக்குச் சைகை காட்டி, பேருந்தை வெளியே எடுக்க வைத்தாள். அதற்குள் தட்டை அலோன்சோ காலி செய்திருந்தான்.