சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்தம்

இரண்டு கையிலும் பை. ஒன்றில் மூன்று கிலோ உருளைக்கிழங்கு, மற்றதில் இரண்டு செங்கல். இந்தக் கோலத்தில்தான் அக்கா பஸ் நிறுத்தத்திலிருந்து ரயில் நிலையம் வரை நடப்பார். வாசலை அடைந்ததும் ஒரு பையைக் கீழே வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஏழு நிமிடம். எங்கள் போக்குவரத்துத் துறை அறிக்கையில் நான்கு என்று போட்டிருக்கும். “கையை வீசிக்கிட்டு நடந்தா நாலுதான். வெறுங்கையோட யாருங்க வேலைக்குப் போறாங்க?” என்பார்.

அக்காவுக்கு வரைபடப் பிரிவில் வேலை. நான் அடுத்த மேசை. ஆபீசில் எல்லாருக்குமே அவர் அக்காதான். நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்கள் அல்லாடாமல் பஸ், ரயில் ஏற வேண்டும் என்பது துறையின் புதிய கொள்கை. “எழுதினவங்க எல்லாரும் கார்ல வர்றவங்க” என்று லிஃப்டில் சொல்வார், எழுதினவர்களை வைத்துக்கொண்டே.

அக்காவின் வீட்டுக்காரர் பாடு இன்னும் திண்டாட்டம். “கடைக்குக் கூட்டிட்டுப் போனா நடைபாதையைக் குனிஞ்சு குனிஞ்சு பார்ப்பா. எதையோ தொலைச்சுட்டாளோன்னு நாலு பேரு கூடவே தேடுவாங்க” என்று என்னிடம் புலம்பினார்.

இத்தனை வாய் உள்ள அக்கா ஒரே ஒரு முறை சும்மா இருந்துவிட்டார். வேறொரு நிலையத்தில் சைக்கிள் நிறுத்தத்தை எங்கோ மூலையில் கொண்டுபோய் வைத்தபோது. இன்று அங்கே ஆறே சைக்கிள். சைக்கிளில் வந்தவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார்கள். “அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்” என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும்.

போன வாரம் மத்திய நிலையத்தின் பென்சில் வரைபடம் கையெழுத்துக்குப் போனது. கையெழுத்தாகிவிட்டால் மறுநாளே கொத்தனார் வந்துவிடுவார். அப்புறம் இருபது வருடத்துக்கு அசைக்க முடியாது. நிறுத்தம் நடைமேடையை ஒட்டித்தான் இருந்தது, காகிதத்தில். நடுவே மெல்லிசாக ஒரு கோடு. அந்தக் கோடு, அங்கே ஏற்கெனவே நிற்கிற ஆள் உயரச் சுவர். ஊரும் நடைமேடையும் இந்தப் பக்கம், நிறுத்தம் அந்தப் பக்கம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்தில் ஐம்பத்திரண்டு படி ஏறி இறங்கி, நிறுத்திவிட்டு, வந்த வழியே திரும்பி வந்தால்தான் ரயில்.

“ஒரு விரற்கடை தூரம்தானேம்மா!” என்றார் கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர்.

“விரலுக்குச் சுவர் தெரியாது சார். நாளைக்கு என் சைக்கிளைத் தர்றேன். எட்டு நாற்பது வண்டியைப் பிடிச்சுக் காட்டுங்க.”

இயக்குநர் நல்ல மனுஷர், கொஞ்சம் வீம்புக்காரர். “காட்டிட்டாப் போச்சு!” என்றார்.

மறுநாள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். முப்பதாவது படியில் நின்று மேம்பாலத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஒரு வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மறுபடி ஏறி, இறங்கி, நடைமேடைக்கு ஓடி வந்தார். எட்டு நாற்பதின் கடைசிப் பெட்டி அவர் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினார்.

அக்கா வரைபடத்தைப் பெஞ்சில் விரித்தார். பையில் துழாவி ஒரு ரப்பரை எடுத்து, ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டு, இரண்டு கையாலும் மரியாதையாக அவரிடம் நீட்டினார்.