மாப்பிள்ளை இல்லாத கல்யாணச் செய்தி

ஊரே கூடிப் பேசியதை நாலு வரிக்குள் அடைப்பதுதான் நிருபர் உத்தியோகம்; அந்த நாலில் எது முதல் வரி என்பதில்தான் ஆள் பிழைப்பதும் முழுகுவதும். ‘சுருக்கி எழுது’ என்று எப்போதாவது திட்டு வாங்கியவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

யுத்தத்துக்கு முந்திய ஒரு குற்றால சீசன். தென்காசியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். ‘சீசன் முடியும்வரை எழுதிப் பழகு, தேறினால் நீதான் தென்காசி நிருபர்’ என்று மதுரைப் பத்திரிகை ஒன்று கார்டு போட்டிருந்தது. தேறாவிட்டால் வாசுதேவநல்லூரில் மாமாவின் ஜவுளிக்கடை. அங்கே துணி கிழித்துக்கொண்டு உட்கார எனக்குத் துளியும் மனசில்லை. ஆனால் என் தமிழ்மேல் எனக்கு அபார நம்பிக்கை; தேறமாட்டேன் என்று சொப்பனத்தில்கூட நினைக்கவில்லை.

சாரல்

முதல் செய்தியே குற்றாலத்துச் சாரல். விடுவேனா? மேகம் இறங்கியது, குரங்கு நனைந்தது, வடைக்கடைப் புகை எழுந்தது என்று தாள் தாளாக எழுதி ரயிலில் ஏற்றினேன். பத்திரிகைக் கட்டு ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் பாய்ந்து பிரித்தேன். ‘குற்றாலத்தில் சாரல் தொடங்கியது.’ அவ்வளவுதான். பத்திரிகை ஏஜெண்ட் அண்ணாச்சி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுக்கா லே அம்புட்டுக் காயிதம்?”

வந்திருந்தவர்கள்

சரி, சுருக்கிவிடுவோம் என்று தீர்மானித்த சமயத்தில் பண்ணையார் வீட்டுக் கல்யாணம் வந்தது. பெரியவர்களை முதலில் சொல்வதுதானே நம் வழக்கம்? ஜமீன் வாரிசு, தாசில்தார், வக்கீல், சம்பந்தி வகையறா என்று மரியாதைக்குக் குறையில்லாமல் வரிசைப்படுத்தி, கடைசி வரியில் மணமக்கள் பெயரைப் போட்டு மங்களமாக முடித்தேன். இடம் போதாவிட்டால் ஆபீஸில் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பண்ணையார் ஆள் விட்டு அழைத்தார். முன்னால் பத்திரிகை விரித்துக் கிடந்தது. மனுஷன் சத்தமே போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மெதுவாகக் கேட்டார்: “ஏலே, வந்தவுக அம்புட்டுப் பேரும் இதுல இருக்காவ. எம் மவ யாரைலே கெட்டிக்கிட்டா?”

எண்ணெய்

அடுத்த தடவை ஆபீஸுக்கு வேலையே வைக்கக் கூடாது என்று நானே வெட்டினேன். ‘ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது.’ என்றைக்கு விழுகிறது என்பதையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அது ஆபீஸில் கிடந்து அச்சேறுவதற்குள் வெயில் சுட்டெரித்து, அருவி நூலாகிப்போனது. அச்செழுத்தை நம்பி ஒரு திருச்சிக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். தங்கிய வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஐந்தருவிக்கு வந்து நின்றார். எழுதினவன் இவன்தான் என்று வடைக்கடைக்காரர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். திருச்சிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “தம்பி, எண்ணெய் தேச்சாச்சு. அருவியை நீதான் கொண்டாரணும்.”

தந்தி

திருச்சிக்காரர் ஆபீஸுக்கும் எழுதிப்போட்டார். ‘இன்னொரு புகார் வந்தால் வேறு ஆள் பார்ப்போம்’ என்று எனக்குக் கார்டு வந்தது. ஜவுளிக்கடையில் மாமா எனக்கு இடம் ஒதுக்கிவிட்டதாகவும் கேள்வி. என் நம்பிக்கை முதல் தடவையாக ஆட்டம் கண்டது.

அந்த வாரமே, நான் குற்றாலத்தில் இருக்கும்போது, பெரிய அருவியில் காட்டு வெள்ளம் இறங்கியது. குளித்தவர்கள் விழுந்தடித்துக் கரையேறினார்கள். தென்காசி ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோனது. போலீஸ்காரர்களோடு, ஜனங்கள் ஒதுங்கியிருந்த மண்டபம் மண்டபமாகப் போய் விசாரித்தேன். உயிர்ச்சேதம் இல்லை.

தந்தி அடிக்கத் தபாலாபீஸுக்கு ஓடி, செந்நிற வெள்ளம் சீறிய அழகை ஒரு தாள் நிறைய எழுதி நீட்டினேன். இவ்வளவு நீளம் தந்தியில் போகாது என்று போஸ்ட்மாஸ்டர் கையால் தொடவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு யார் மாப்பிள்ளை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளம் இல்லை, குளிக்கப் போன ஜனங்கள். கிழித்துப்போட்டுவிட்டு எழுதினேன்: ‘குற்றாலத்தில் குளித்தவர் அனைவரும் பத்திரம். இன்று காலை அருவியில் வெள்ளம். ரோடு அடைபட்டது.’ அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இத மொதல்லயே தந்திருக்கலாம்லா வே? தந்திக் கம்பி எப்ப அறுந்து விழும்னு நான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

பாவூர்சத்திரம்

ஆபீஸ் அதில் ஓர் எழுத்தைக்கூட வெட்டவில்லை. சீசன் முடியுமுன்னே நான் தென்காசி நிருபர். மாமா வேறு பையனைப் பிடித்துக்கொண்டார்.

பிற்பாடு பாவூர்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தபோது, கத்தரிக்காய் விற்ற ஓர் அம்மாளிடம் யாரோ என்னைக் காட்டி, பத்திரிகைக்காரர் என்றார்கள். வெள்ளம் வந்த அன்றைக்கு அவள் புருஷன் குற்றாலத்தில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பவில்லையாம். ஊரில் ஆளுக்கொரு சாவுக் கணக்குச் சொல்ல, இவள் மறுநாளும் அடுப்பு மூட்டாமல் கிடந்திருக்கிறாள். பலசரக்குக் கடைக்காரர்தான் பத்திரிகையை வாசித்துக் காட்டினாராம். அவள் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள்: “மொத வரியக் கேட்டதுமே அடுப்பு மூட்டப் போயிட்டேன், தம்பி. மிச்சத்துல என்ன எழுதியிருந்திய?”

முதல் வரியோடு எழுந்து போகிற இந்த மாதிரி வாசகர்களால்தான் அதற்கப்புறம் என் வீட்டு அடுப்பும் எரிந்தது.