மூன்றாம் படியில் ஒரு ஜோடிச் செருப்பு

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. அந்தக் கடற்கரையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ஒழுங்கக்கா. கோணலாக ஒரு பொருள் கண்ணில் பட்டால் அவள் கை சும்மா இராது. டாக்டரைப் பார்க்கப் போனால், டோக்கன் கூப்பிடுவதற்குள் மேசைமேல் கிடக்கும் பத்திரிகைகளைத் தேதிவாரியாக அடுக்கிவிடுவாள். "விட்டா அலையைக் கூட வரிசையில நிக்க வைப்பே" என்று கணவர் கேலி பண்ணுவார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அது சிரிக்க முடிந்த காலம்.

அவர்களுடையது ஒற்றை அறைக் கடை. முக்குளிக்க வருகிறவர்களுக்குக் கண்ணாடி, காலில் மாட்டும் துடுப்பு, முதுகுச் சிலிண்டர் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். படகு தேவையில்லை. கடை வாசலிலிருந்து ஏழு படி இறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் தண்ணீர், இடுப்பளவுத் தண்ணீரில் நீந்தத் தொடங்கினால் கொஞ்ச தூரத்திலேயே பவளப் பாறை. ஆழம் இரண்டு ஆளுயரம்கூட இருக்காது. கணவரும் அவருடைய தங்கை குட்டியும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒழுங்கக்காவுக்கு நீச்சல் தெரியாது. திரும்பி வரும் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பது அவள் வேலை. அவள் அலசி வைத்த கண்ணாடியில் ஒரு மணல்துகளைக் காட்டினால் பரிசே கொடுக்கலாம்.

கடலுக்குள் யார் இருக்கிறார்கள், யார் திரும்பிவிட்டார்கள் என்று அறிய அங்கே ஒரே வழிதான் இருந்தது: செருப்பு. இறங்குகிறவர் மூன்றாம் படியில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். ஏறி வந்ததும் மாட்டிக்கொண்டு போக வேண்டும். நோட்டில் எழுது என்றால் பத்தில் ஒருவர் மறந்துவிடுவார். அந்தப் படிகளின் சூட்டில் செருப்பை மறந்தவர் ஒருவர்கூட இல்லை. படியில் செருப்பு இருந்தால் ஆள் தண்ணீரில். அடுத்தவர் செருப்பை யாரும் தொடக்கூடாது. கல்யாணமாகி வந்த முதல் நாளே கணவர் இதைச் சொன்னார். "எதை வேணா அடுக்கு தாயே, அந்தப் படியை மட்டும் விட்டுடு" என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். பதினோரு வருஷம் அவள் அதை விட்டுத்தான் வைத்திருந்தாள்.

அன்றைக்கு மதியம் கூட்டம் கரையேறிப் போய்விட்டது. அவர்களில் ஒருவர் பாறையருகே கடையின் ஈயம் கோத்த இடுப்புப் பட்டையை நழுவ விட்டிருந்தார். "நான் எடுத்துட்டு வந்துடறேன் அண்ணி, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குட்டி தனியாக இறங்கினாள். தனியாக இறங்கியது தப்புதான், ஆனால் அந்தக் கடல் அவளுக்குப் புழக்கடை மாதிரி. மூன்றாம் படியில் அவளுடைய புதுத் தோல் செருப்பு. பிறந்தநாளுக்கு ஒழுங்கக்காவே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது.

கடல் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு அலை இரண்டாம் படி வரை வந்து நக்கிவிட்டுப் போனது. உப்புத் தண்ணீர் பட்டால் தோல் விறைத்துப் போய்விடுமே என்று ஒழுங்கக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நிமிஷம்தானே என்று எடுத்து வந்து உள்ளே அலமாரியின் அடித்தட்டில், நுனி வெளியே பார்க்க, ஒழுங்காக வைத்தாள். கணவர் வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் அறுந்த வாரோடு ஒருவர் கண்ணாடியைத் திருப்பித் தர வந்து, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தார். ஒழுங்கக்கா சும்மா விடுவாளா? பேச்சு வளர்ந்தது. செருப்பும் குட்டி சொன்ன பத்து நிமிஷமும் மனசிலிருந்தே போய்விட்டன.

கணவர் பின்பக்கமிருந்து வந்தார். வழக்கம்போலப் படியைப் பார்த்தார். காலி. சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரஸரைப் போட்டார். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் காதில் விழாது. ஒரு மணி நேரம் ஓடியது.

அதை நிறுத்தியபோதுதான் விசில் சத்தம் கேட்டது.

அலை குட்டியைத் தூக்கிப் பாறையில் அடித்திருந்தது. முழங்கால் நொறுங்கி, ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் கட்டியிருந்த விசிலை அத்தனை நேரமும் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறாள். கணவர் போட்ட சட்டையோடு குதித்தார். ஒழுங்கக்கா அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தங்கையை இழுத்துக்கொண்டு கரை சேருவதற்குள் அவள் செருப்பைப் பையில் திணித்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசல் குப்பைத் தொட்டியில் அது போனது. பயம், அவ்வளவுதான்.

"மூணாம் படியிலதான் வச்சேன்" என்றாள் கட்டிலில் கிடந்த குட்டி.

"பார்த்தேன்மா. படி காலியாத்தான் இருந்துது."

"அலை எடுத்துட்டுப் போயிருக்கும்" என்று ஒழுங்கக்கா பூசி மெழுகப் பார்த்தாள்.

"நம்ம கரையில எது போனாலும் ரெண்டு நாள்ல திரும்ப வந்து ஒதுங்கும். ஒத்தைச் செருப்பாவது வந்துதா? நீ பார்க்கவே இல்லண்ணா. பார்க்காம மெஷினைப் போட்டுட்டு, இப்ப பார்த்தேன்னு பொய் சொல்றே."

அதோடு பேச்சு முறிந்தது. குட்டிக்குக் கால் மடங்காமல் போனது. கடலே வேண்டாம் என்று வேறு ஊருக்குப் போய், ஒரு கூரியர் ஆபீஸில் உட்கார்ந்தபடி செய்யும் வேலையைத் தேடிக்கொண்டாள். ஒன்பது வருஷம் அண்ணன் போட்ட போனை அவள் எடுக்கவில்லை. ஒன்பது வருஷம் ஒழுங்கக்கா வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மென்று விழுங்கியே காலம் போனது. கணவர் ஆட்களோடு இறங்குவதை நிறுத்திவிட்டார். கம்ப்ரஸரைப் போடுவதற்கு முன்னால் மூன்றாம் படி வரை போய், குனிந்து, வெறும் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வருவார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் செத்துவிடலாம் போலிருக்கும். பிறகு அலசுவதற்குச் சாமான் இருக்கும், போய் அலசுவாள்.

போன வாரம் அவர் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாக வருவார்கள். அவர் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"அன்னைக்கே கண்ணு மங்கலா இருந்திருக்கும், அதான் செருப்பு தெரியலைன்னு நெனச்சிட்டிருந்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப நான் பார்க்கவே இல்ல போலிருக்கு. குட்டி சொன்னதுதான் நிஜம்."

மறுநாள் காலை, கடைக்குச் சோப்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒழுங்கக்கா பஸ் ஏறினாள். அவரிடம் நேரே சொல்லத் துணிவில்லை. இரண்டு மணி நேரப் பயணம். தரைத்தள வீடு. குட்டி கதவைத் திறந்தாள், காலை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஒழுங்கக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அலமாரி, பை, குப்பைத் தொட்டி, எதையும் விடவில்லை.

குட்டி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "கால் போனது போகட்டும் அண்ணி. உங்க கை அப்படித்தான்னு ஊருக்கே தெரியும். அன்னைக்கே சொல்லியிருந்தா நாலு நாள் கத்தியிருப்பேன், அப்புறம் விட்டிருப்பேன்." முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். "எனக்கிருந்தது ஒரே அண்ணன். அவனை ஒன்பது வருஷம் பொய்யன்னு நெனைக்க வச்சுட்டீங்களே."

"தப்புதான்மா."

"அவனுக்குத் தெரியுமா?"

ஒழுங்கக்கா தலையசைத்தாள். தெரியாது.

குட்டி போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள். எடுத்ததும் கம்ப்ரஸர் சத்தம்தான் முதலில் வந்தது.

"அண்ணா, நான்தான்."

"குட்டியா? குட்டி, நீயாம்மா?" அந்த இரைச்சலுக்கு மேலே அவர் கத்தினார். "வச்சிடாதே, ஒரு நிமிஷம் கேளு. நீ சொன்னதுதான்மா சரி. நான் பார்க்கல. என்னை மன்னிச்சுடும்மா."

குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிய, போனை அண்ணியின் பக்கம் தள்ளினாள்.

"நான் பேசறேங்க" என்றாள் ஒழுங்கக்கா.

"நீயா? நீ எங்க அங்க? சோப்பு வாங்கத்தானே போனே?"

"நீங்க சரியாத்தாங்க பார்த்தீங்க. படி காலியாத்தான் இருந்துது. செருப்பை நான்தான் உள்ள எடுத்து வச்சேன்."

"என்ன? கேக்கல. மெஷின் ஓடுது, இரு."

அவர் நடக்கும் சத்தம் கேட்டது. கம்ப்ரஸர் இரண்டு முறை இருமி நின்றது. போனுக்குள் கடல் மட்டும் கேட்டது.

"ம், இப்ப சொல்லு" என்றார்.